200 அடிக் கடிதம் வந்தால்: நியூ ஜெர்சியில் புதுத் தெரு வரும்போது எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது

வேலையிலிருந்து திரும்பித் தபால் பெட்டியைத் திறக்கிறீர்கள். சான்றளிக்கப்பட்ட தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் நாற்பது டவுன்ஹவுஸ்கள் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்) கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது, இன்ன தேதியில் இரவு 7 மணிக்கு டவுன்ஷிப் (ஊர் நகராட்சி) அலுவலகத்தில் விசாரணை, நீங்கள் வந்து பேசலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. புது மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ வரும்போது, அந்த நிலத்தின் எல்லையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக இப்படித் தெரிவிக்க வேண்டும் என்பது நியூ ஜெர்சிச் சட்டம். எடிசன், சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்பரோ பக்கம் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் பலரும் இந்த நாட்டின் உள்ளூர் ஆட்சியை முதன்முதலில் நேருக்கு நேர் பார்ப்பது இந்தக் கடிதத்தின் வழியாகத்தான்.

எனக்கும் அப்படித்தான். கடிதம் வந்த அன்றே பேச்சைத் தயார் செய்தேன். புதுத் தெரு 28 அடி அகலம்தான் என்று வரைபடத்தில் இருந்தது. எங்கள் ஊரின் சட்டத் தொகுப்பை இணையத்தில் தேடிப் படித்து, 36 அடி வேண்டும் என்ற ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். மூன்று நிமிடம் பேசினேன். விண்ணப்பத்தை விசாரிக்கும் ஊர்ப் போர்டின் வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெருவின் அகலம் மாநில விதி என்றும், அதைக் கூட்டச் சொல்லும் அதிகாரம் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இல்லை என்றும் சொன்னார். நான் காட்டிய வரி செத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தொகுப்பிலிருந்து அதை யாரும் நீக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பின் பேசிய ஆறு பேரும் அதே அகலத்தையே கேட்டார்கள். புதுத் தெருவின் வாயில் எங்கள் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே அமைந்திருந்தது; ஒவ்வொரு இரவும் காரின் வெளிச்சம் அந்த ஜன்னலில் அடிக்கும். அதை ஐம்பது அடி தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தால் போர்டு காது கொடுத்திருக்கும். அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

அந்த இரவு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் குடியிருப்புத் தெரு எப்படி அமைய வேண்டும் என்பதில் பெரும்பகுதியை மாநிலம் தன் கையில் வைத்திருக்கிறது. மீதி ஊரின் கையில் இருக்கிறது. எது எவர் கையில் என்று தெரிந்துகொண்டு போனால், உங்களுக்குக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணாகாது.

மாநிலம் ஏன் உள்ளே வந்தது

இங்கே ஊர்களுக்கு அதிகாரம் அதிகம். இன்று 564 நகராட்சிகள் இருக்கின்றன; சில ஊர்களை நடந்தே கடந்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு, தனி பொறியாளர், தனி விதிப்புத்தகம். ஒரு காலத்தில் தெருவின் அகலம், நடைபாதை, மழைநீர்க் குழாய், கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஊரும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. ஒரே தெரு ஊர் எல்லையைத் தாண்டியதும் அகலம் மாறும். அதிக அகலம் கேட்டால் அதிகச் செலவு. அந்தச் செலவு வீட்டின் விலையில்தான் போய்ச் சேரும். இந்த நிலையை மாற்ற 1993இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, மாநிலத்தின் சமூக விவகாரத் துறை, ஊர்களின் பிரதிநிதிகளும் பொறியாளர்களும் வீடு கட்டுவோரும் இடம்பெற்ற ஓர் ஆலோசனைக் குழுவின் துணையோடு ஒரே சீரான விதிகளை வகுத்தது. ‘ரெசிடென்ஷியல் சைட் இம்ப்ரூவ்மென்ட் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்பது அதன் பெயர். கூட்டங்களில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஆர்.எஸ்.ஐ.எஸ். என்றுதான் சொல்வார்கள். 1997 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், அது பேசும் விஷயங்களில் ஊர்களின் பழைய விதிகள் செல்லாமல் போயின.

ஊர்கள் சும்மா இருக்கவில்லை. நகராட்சிகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999இல் வந்த தீர்ப்புக்குப் பிறகும் மாநில விதிகள் நின்றன. ஆகவே, உங்கள் ஊர் போர்டின் தலைவர் ‘எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது’ என்று சொன்னால், அவர் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது உண்மை.

இதில் ஒன்றை மட்டும் மனத்தில் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.ஐ.எஸ். சொல்லும் அளவு, கட்டுபவருக்குக் கீழ் எல்லை; ஊருக்கு மேல் எல்லை. 28 அடி என்று அட்டவணை சொன்னால், கட்டுபவர் தன் இஷ்டத்துக்கு 24 அடி போட முடியாது. ஊரும் 32 அடி போடு என்று கட்டாயப்படுத்த முடியாது.

கடிதத்தைப் படிக்கும் முறை

யார் நடத்தும் விசாரணை என்று பாருங்கள். பிளானிங் போர்டு என்றால், அந்த நிலத்தில் வீடு கட்டுவதை, எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் ஊரின் மண்டல விதி (ஜோனிங்) ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது என்றே பொதுவாகக் கொள்ளலாம். அங்கே ‘வீடே வேண்டாம்’ என்று வாதிடுவது பயன் தராது. எப்படிக் கட்டுவது என்பதுதான் பேச்சு. ஜோனிங் போர்டு என்றால், அனுமதிக்கப்படாத பயன்பாட்டுக்கு விலக்குக் கேட்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் ஐந்து உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தால்தான் அது நிறைவேறும். அங்கே ஊரின் அதிகாரம் பெரிது. தெருவின் அகலம் சிறிய விஷயம்.

அடுத்து, என்னென்ன விலக்குகள் கேட்கிறார்கள் என்ற பத்தியைப் படியுங்கள். வாசிக்கச் சலிப்பூட்டும் எண்களும் பிரிவுகளும் நிறைந்த அந்தப் பத்தியில்தான் சாரம் இருக்கும். ‘ஆர்.எஸ்.ஐ.எஸ். எக்ஸெப்ஷன்’ என்ற சொற்கள் இருந்தால் அடிக்கோடிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நிலத்தை அடையாளம் காட்டும் பிளாக் எண், லாட் எண் இரண்டையும் குறித்துக்கொண்டு டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போங்கள். வரைபடங்களும் அறிக்கைகளும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பல ஊர்கள் இணையத்திலும் ஏற்றிவிடுகின்றன. பிரதி வேண்டுமென்றால் ‘ஓப்ரா’ என்னும் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குப் பொதுவாக ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு. கடிதம் வந்த மறுநாளே கேட்டால்தான் நேரத்துக்குக் கைக்கு வரும். நேரில் போவதே மேல் என்பது என் அனுபவம். அலுவலகச் செயலாளர் பெரிய மேசையில் தாள்களை விரித்துப் போட்டுவிட்டு, எதை எங்கே பார்க்க வேண்டும் என்றும் சொல்லித் தருவார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து அறிக்கை தனியாக இருக்கும்; அதையும் மறக்காமல் கேளுங்கள்.

இரண்டு பட்டியல்

இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் மாநிலம், வலப்பக்கம் ஊர்.

மாநிலத்தின் பக்கம் வருபவை: வண்டி ஓடும் பரப்பின் அகலம், தெருவுக்கென ஒதுக்கும் மொத்த அகலம், வளைவுகளும் சந்திப்புகளும் அமையும் விதம், நடைபாதையின் அளவு, ஒரு வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் என்ற கணக்கு, குடிநீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால்.

ஊரின் பக்கம் வருபவை: அந்த நிலத்தில் வீடு வரலாமா, கடை வரலாமா என்பது, ஏக்கருக்கு எத்தனை வீடு, மனையின் அளவு, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, கட்டடத்தின் உயரம். இவை மண்டல விதிகள். இவற்றை ஆர்.எஸ்.ஐ.எஸ். தொடவில்லை. இவற்றோடு, போர்டு விசாரணையில் உங்களுக்கு அதிகம் கைகொடுக்கக்கூடியவை: தெருக்களும் மனைகளும் எப்படி வரிசைப்படுகின்றன என்ற பொது அமைப்பு, நிழல் மரங்கள், இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே விடும் பசுமைத் திரை, இருக்கும் மரங்களைக் காப்பது.

என் அண்டை வீட்டு ஜன்னல் கதை இந்த வலப்பக்கப் பட்டியலைச் சேர்ந்தது. தெரு எவ்வளவு அகலம் என்பது மாநிலம். அது நிலத்துக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் போர்டு பேச முடியும். நுழைவாய் இருப்பது கவுன்ட்டியின் (பல ஊர்கள் அடங்கிய மாவட்டத்தின்) சாலையில் என்றால் கவுன்ட்டியின் பிளானிங் போர்டும், மாநில நெடுஞ்சாலையில் என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையும் குறுக்கே வரும்.

சில கோரிக்கைகள் இரண்டு பக்கமும் சேராது. ‘ஏற்கெனவே பிரதான சாலையில் நெரிசல் தாங்கவில்லை, அதை இவர்களே சரிசெய்து தரட்டும்’ என்பது எல்லா விசாரணையிலும் கேட்கும் குரல். நிலத்துக்கு வெளியே இருக்கும் சாலைப் பணிக்கு, கட்டுபவர் தன் திட்டத்தால் வரும் பங்கு அளவுக்குத்தான் பணம் தர வேண்டும் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. இருபது வருட நெரிசலை ஒருவர் தலையில் கட்ட முடியாது. பங்கு எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். அது நல்ல கேள்வி.

தெருவின் கணக்கு

மாநிலத்தின் பக்கம் இருப்பதில் நாம் பேசவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். விதியை மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் விதி சரியாகப் பின்பற்றப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கலாம். இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை; பெருக்கலும் கூட்டலும் போதும்.

ஆர்.எஸ்.ஐ.எஸ். தெருக்களை, அவற்றில் ஒரு நாளைக்கு எத்தனை வாகனப் பயணம் நடக்கும் என்பதை வைத்து வகை பிரிக்கிறது. வீடுகளுக்கு மட்டும் போய்வரும் உள்தெரு என்றால் நாளொன்றுக்கு 1,500 பயணம் வரை. அத்தகைய தெருக்களின் வண்டிகளைச் சேர்த்துப் பிரதான சாலைக்குக் கொண்டுபோகும் சிறிய இணைப்புத் தெரு 3,500 வரை. பெரியது 7,500 வரை. முட்டுச்சந்து என்றால் 250தான். தனி வீடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 10 பயணம் என்பது கணக்கு; பள்ளிக்கு விட்டு வருவது, அலுவலகம், கடை, தபால்காரர், பார்சல் வண்டி எல்லாம் சேர்த்து. டவுன்ஹவுஸ் என்றால் எண்ணிக்கை குறையும்.

வரைபடத்தில் ஒரு முட்டுச்சந்தில் 30 தனி வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 30 வீடு, தலா 10 பயணம், ஆக 300. எல்லை 250. இதை அவர்களுடைய போக்குவரத்துப் பொறியாளரிடம் ஒரே வரியில் கேட்கலாம்: ‘இந்தத் தெருவை எந்த வகையில் சேர்த்திருக்கிறீர்கள், அதற்குரிய பயண எண்ணிக்கை எவ்வளவு?’ கூட்டத்தில் இத்தகைய கேள்வி எழும்போது அறையின் போக்கே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் தாளைப் புரட்டத் தொடங்குவார்கள்.

வகை தெரிந்தால் அகலம் தெரியும். புறநகரில் ஒருபுறம் கார் நிறுத்த வசதியுள்ள உள்தெரு வழக்கமாக 28 அடி. இரு பக்கப் புல்வரிசையும் நடைபாதையும் சேர்த்து ஒதுக்கும் மொத்த அகலம் 50 அடி. மனைகள் பெரிதாக, தெருமுகப்பு நீளமாக இருந்தால் யாரும் தெருவில் நிறுத்தத் தேவையில்லை என்பதால், இன்னும் குறுகிய தெருவுக்கும் இடமுண்டு. நடைபாதை குறைந்தது 4 அடி. எந்த வகைத் தெருவுக்கு இருபுறமும், எதற்கு ஒருபுறம் என்பதற்கும் அட்டவணை இருக்கிறது. விதிகள் முழுவதும் சமூக விவகாரத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவ்வப்போது திருத்தப்படுவதால், விசாரணைக்குப் போகுமுன் இன்றைய பிரதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

28 அடி போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டவன்தான். இப்போது என் கருத்து மாறியிருக்கிறது. ஆயிரம் அடி நீளத் தெருவில் எட்டு அடி கூட்டினால் 8,000 சதுர அடி தார்ப்பரப்பு கூடுகிறது. அவ்வளவு பரப்பிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் வடிகாலுக்கு ஓடும். அவ்வளவு பரப்பிலும் பனி தள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, அகலமான நேர்த்தெருவைக் கண்டால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. எங்கள் குடியிருப்பில் பழைய 36 அடித் தெரு ஒன்றும் புதிய 28 அடித் தெரு ஒன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பிள்ளைகள் சைக்கிள் பழகுவது எந்தத் தெருவில் என்று ஒரு மாலை நின்று பார்த்தால் போதும்.

முட்டுச்சந்தைப் பற்றிச் சொல்லும்போதே, வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரு முடியும் இடத்தில் வட்டமான திருப்பம் இல்லாமல், தார் நேராகப் போய் ஒரு மரத் தடுப்பில் மோதி நின்றால், அது பெரும்பாலும் முட்டுச்சந்து இல்லை. பின்னொரு நாள் நீட்டுவதற்காக விட்ட தெரு. தடுப்புக்கு அப்பால் புதர் மண்டிக் கிடக்கும். அமைதியான கடைசி வீடு என்று ஆசையோடு வாங்கியவர்கள், ஐந்தாறு வருடம் கழித்து அதே இடத்தில் புதுத் தெரு வந்து இணையும்போது கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். வாங்குமுன் அந்த மனைப்பிரிவின் பழைய வரைபடத்தை டவுன்ஷிப்பில் கேட்டுப் பாருங்கள்.

கார் நிறுத்தும் கணக்கு

நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் பகுதி இது.

தனி வீட்டுக்குப் படுக்கையறை மூன்று என்றால் 2 இடம், நான்கு என்றால் 2.5, ஐந்து என்றால் 3. மூன்று படுக்கையறை டவுன்ஹவுஸுக்கு 2.4. அரை இடம், 0.4 இடம் என்றால் என்ன என்று குழம்ப வேண்டாம். மொத்த வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிப் பார்ப்பதற்கான எண்கள் இவை. கார் கொட்டகையும் அதன் முன் டிரைவ்வேயும் சேர்ந்து எப்படி எண்ணப்படுகின்றன என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு கார் நிற்கும் கொட்டகையும் டிரைவ்வேயும் சேர்ந்தால் 2 இடம். இரண்டு கார் நிற்கும் கொட்டகை, 20 அடி அகல டிரைவ்வே என்றால் 3.5 இடம். ஆனால் இந்தக் கணக்குக்கு, கொட்டகைக் கதவிலிருந்து தெருவுக்கென ஒதுக்கிய எல்லைக்கோடு வரை டிரைவ்வே குறைந்தது 18 அடி நீளம் இருக்க வேண்டும்.

இந்த 18 அடியை எங்கள் குடியிருப்பின் மூத்தவர் ஒருவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். ஒரு காலையில் நடைப்பயிற்சியின்போது, ஒரு டவுன்ஹவுஸ் வாசலில் நின்று, ‘தம்பி, இந்த வண்டியைப் பாருங்கள்’ என்றார். ஒரு பெரிய வேனின் பின்பகுதி நடைபாதைக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வந்த ஒரு பெண் நடைபாதையிலிருந்து இறங்கிப் புல்லில் ஏறி, மறுபடி நடைபாதைக்கு வந்தார். மூத்தவர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். கதவிலிருந்து நடைபாதையின் உள்விளிம்பு வரை 16 அடி 8 அங்குலம். ‘இதை ஓர் இடம் என்று எண்ணித்தான் அனுமதி வாங்கியிருக்கிறார்கள்’ என்றார். அவர் அன்று சொன்னது இன்றும் எனக்குப் பாடம்: வரைபடத்தில் இருக்கும்போது 18 அடியைக் கேட்டால் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும், கட்டிய பிறகு வீட்டை நகர்த்த முடியாது.

டவுன்ஹவுஸ், அடுக்கக விண்ணப்பங்களில் இன்னொன்றையும் பாருங்கள். வீட்டுக்கு அரை இடம் என்ற விகிதத்தில் விருந்தினர் இடமும் அந்த எண்ணுக்குள் அடக்கம். அதைத் தெருவிலோ பொதுவான நிறுத்துமிடத்திலோ தர வேண்டும். 40 டவுன்ஹவுஸ், தலா மூன்று படுக்கையறை என்றால் 2.4 வீதம் 96 இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கார் கொட்டகையும் டிரைவ்வேயும் என்றால் 80 ஆயிற்று. மீதி 16ஐ எங்காவது பொதுவில் காட்டிவிட்டு, கணக்குச் சரி என்பார்கள். ஆனால் விருந்தினர் இடம் மட்டுமே 40 அரை, அதாவது 20. அது எவருடைய டிரைவ்வேயிலும் இருக்க முடியாது. ஆகவே பொதுவில் 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். வரைபடத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள்.

அகலத்தில் விதியோடு உடன்படும் நான், நிறுத்துமிடத்தில் அவ்வளவு மனநிறைவோடு இல்லை. தாத்தா பாட்டி, வேலைக்குப் போகும் மகன், கல்லூரிக்குப் போகும் மகள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகள் நம்மிடையே உண்டு. அங்கே நான்கு கார் நிற்கும். விதியில், உள்ளூர் நிலைமைக்கு ஏற்ற மாற்று எண்ணிக்கையை விண்ணப்பதாரர் நிரூபித்துக் காட்டினால் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. குடும்ப அமைப்பு, பொதுப் போக்குவரத்து வசதி போன்றவற்றைக் கருதலாம் என்கிறது. ரயில் நிலையத்தின் அருகே எண்ணிக்கையைக் குறைக்க அது உதவுகிறது. கூட்டுக் குடும்பத்துக்காகக் கூட்டித் தருகிறேன் என்று எந்தக் கட்டுமான நிறுவனமும் தானாக வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே, வாங்கும் நாமே முன்கூட்டி எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விலக்கு என்ற வாசல்

மாநில விதி இறுக்கமானது என்றாலும் அதில் சில வாசல்கள் உண்டு.

முதலாவது, சிறு விலக்கு. நிறுத்துமிட எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைப்பது, தெருவின் அகலத்தையோ வளைவின் ஆரத்தையோ குறைப்பது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளுக்காக அளவை மாற்றுவது போன்றவற்றை ஊரின் போர்டே அனுமதிக்கலாம். ஆனால் அந்த விலக்கு நியாயமானதாக, அளவானதாக, தேவையற்ற சுமை ஏற்றாததாக இருக்க வேண்டும். மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கெடுக்கக் கூடாது. சுற்றுப்புறத்தின் இன்றைய நிலையையும் எதிர்காலத் தேவையையும் கருத வேண்டும். கடிதத்தில் அடிக்கோடிடச் சொன்னேனே, அது இதற்காகத்தான். விலக்கு கேட்கிறார்கள் என்றால், இடப்பக்கப் பட்டியலில் இருந்த அந்த ஒரு விஷயம் அன்றைய இரவுக்கு ஊரின் கைக்கு வந்துவிடுகிறது. இதனால் யாருக்கு என்ன சிரமம், ஏன் தேவை என்று அவர்கள் விளக்கியாக வேண்டும். நீங்கள் எதிர்த்தும் பேசலாம், ஆதரித்தும் பேசலாம்.

இரண்டாவது, விதியை அப்படியே பின்பற்றினால் பாதுகாப்புக்கே ஆபத்து என்ற நிலை. அதற்குரிய விலக்கை மாநில ஆலோசனைக் குழுவிடம் கேட்க வேண்டும். ஊர் போர்டு தானே தர முடியாது.

மூன்றாவது, உடன்பாடு. கட்டுபவரும் ஊரும் மனமொத்து எழுதிக்கொண்டால், விதியைவிடக் கூடுதலாகச் செய்யலாம். இதில் ‘மனமொத்து’ என்பதுதான் உயிர். அனுமதியைப் பிடித்துவைத்துக்கொண்டு வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. ஆனாலும் கேட்பதில் தவறில்லை. ‘பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் வரை நடைபாதையை நீட்டித் தர உங்களுக்குச் சம்மதமா?’ என்று மரியாதையாகக் கேட்டபோது, கட்டுபவரின் வழக்கறிஞர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தார், அவர் தலையசைத்தார், வேலை முடிந்தது. கத்திக் கேட்டிருந்தால் அந்தத் தலை அசைந்திருக்காது.

விசாரணை இரவில்

விண்ணப்பதாரர் அழைத்து வரும் ஒவ்வொரு நிபுணரும் பேசி முடித்ததும், பொதுமக்கள் அவரிடம் கேள்வி கேட்க வாய்ப்புத் தருவார்கள். அது கேள்விக்கான நேரம் மட்டும். கருத்துச் சொல்லத் தொடங்கினால் தலைவர் நிறுத்திவிடுவார். கருத்து கடைசியில், சத்தியப் பிரமாணம் செய்தபின். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தெருவைப் பற்றிய கேள்வியைப் பொறியாளரிடமும், பயண எண்ணிக்கையைப் போக்குவரத்து நிபுணரிடமும், மரங்களையும் மண்டல விதியையும் திட்டமிடுநரிடமும் கேளுங்கள். ஆள் மாறிக் கேட்டால், ‘அது என் துறை இல்லை’ என்ற பதிலோடு போய்விடும். அதற்குள் உரியவர் இறங்கிப் போயிருப்பார்.

நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைப் பொதுவாகச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், ஏனென்றால் கையெழுத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. நூறு கையெழுத்தைவிட நேரில் வந்து ஆளுக்கு ஒரு விஷயம் பேசும் ஐந்து பேர் மேல். முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் முட்டுச்சந்துக் கணக்கு, ஒருவர் விருந்தினர் இடம், ஒருவர் ஜன்னல் வெளிச்சம், ஒருவர் மரத்திரை. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். தாளில் எழுதி நிதானமாக வாசியுங்கள். அதைப் பதிவு செய்கிறார்கள், அதுதான் முக்கியம். புகைப்படம் காட்டுவதாக இருந்தால், எப்போது, யார் எடுத்தது என்று சொல்லி, ஒரு பிரதியை அவர்களிடமே விட்டுவிட வேண்டியிருக்கும்.

யார் அங்கே வாழ வருவார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். நாமும் ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள்தான். நமக்கான வீடுகள் கட்டப்பட்ட இரவிலும் யாரோ அந்த ஒலிபெருக்கியின் முன் நின்றிருப்பார்கள்.

முடிவுக்குப் பிறகு

ஒரே இரவில் முடியாமல் விசாரணை அடுத்த மாதத்துக்குப் போகலாம். தேதியை அங்கேயே அறிவித்தால் மறுபடி கடிதம் வராது, குறித்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு முடிந்தபின், பெரும்பாலும் அடுத்த கூட்டத்தில், முடிவை எழுத்தில் தீர்மானமாக நிறைவேற்றுவார்கள். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அன்று வாயால் சொன்ன ‘சரி, ஐம்பது அடி தள்ளுகிறோம்’ அந்தத் தாளில் நிபந்தனையாக இருக்கிறதா? இல்லையென்றால் உடனே செயலாளருக்கு எழுதுங்கள். முடிவை எதிர்த்து நீதிமன்றம் போவதென்றால், பத்திரிகையில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாள்தான். அதற்கு நிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் வேண்டும், பணமும் பிடிக்கும்.

தெரு உருவான பிறகு எழும் பல தேவைகள் மறுபடி ஊரின் கைக்கே வருகின்றன. ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்தும் பலகை போன்றவற்றுக்கு டவுன்ஷிப் மன்றத்திடம் போக வேண்டும். பிளானிங் போர்டிடம் போய்ப் பயனில்லை. தெரு ஊரிடம் ஒப்படைக்கப்பட்டதா, குடியிருப்புச் சங்கத்தின் சொந்தத் தெருவா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்தின் தெருவில் போக்குவரத்துச் சட்டத்தைப் போலீஸ் அமல்படுத்த, சங்கம் அதற்கென ஊரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊரிடம் ஒப்படைக்கும் தெரு, நடைபாதை, வடிகால் வேலைகளுக்காகக் கட்டுபவர் ஊரிடம் ஓர் உத்தரவாதத் தொகை கட்டியிருப்பார். வேலை ஒழுங்காக முடிந்தது என்று டவுன்ஷிப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது திரும்பப் போகும். கடைசி அடுக்குத் தார் போடும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை காலை டேப்போடு நடந்து பாருங்கள். நடைபாதை நான்கு அடி இருக்கிறதா, தீர்மானத்தில் சொன்ன மரங்கள் அத்தனையும் நடப்பட்டிருக்கின்றனவா, மழைக்குப் பின் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று படத்தோடு பொறியாளருக்கு எழுதுங்கள். தொகை கைமாறுவதற்கு முன் எழுதுங்கள்.